மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் முறை

மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தால், தமிழகத்துச் சிற்றூர்கள் அனைத்தையும் போலவே கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான். கரும்புக் கொல்லையிலும் கடைத்தெருவிலும் தொழுகை முடிந்து வெளியேறும் பள்ளிவாசல் படியிலும், "பிள்ளை எவ்வளவு?" என்பதே கேள்வி. அதற்கு விடையாக வரும் ஓர் எண்ணைக் கொண்டே பிள்ளையின் அறிவையும் உழைப்பையும் வருங்காலத்தையும் அளந்து முடித்துவிடுகிறோம். அந்த எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்று ஆராய்வோர் மிகச் சிலரே.

நம் பாட்டன்மார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பின் இறுதித் தேர்வாக இருந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி புகுத்தப்பட்ட பின்னரே பத்தாம் வகுப்பு, அதன்மேல் இரண்டாண்டு என்னும் இன்றைய முறை நிலைபெற்றது. அக்காலத்தில் தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் செய்தித்தாளில் அச்சாகும்; எண் இருந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. இன்றோ பாடவாரியான மதிப்பெண் முழுவதும் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. விவரம் பெருகியிருக்கிறது, விளக்கம் பெருகவில்லை.

மொத்தம் வேறு, தேர்ச்சி வேறு

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். பாடத்திற்கு 100 வீதம் மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றாலன்றித் தேர்ச்சி இல்லை. ஒரு மாணவன் தமிழில் 92, ஆங்கிலத்தில் 88, அறிவியலில் 90, சமூக அறிவியலில் 95, கணிதத்தில் 31 பெற்றான் என்று கொள்வோம். மொத்தம் 396, ஆயினும் அவன் தேறவில்லை. மற்றொருவன் ஐந்திலும் 35 வீதம் 175 பெற்றுத் தேறிவிடுகிறான். இவ்விருவரில் முன்னவனை "படிப்பு ஏறாதவன்" என்று முடிவு கட்டுவது நீதியாகுமா? அவனுக்குத் தேவைப்படுவது நான்கு மதிப்பெண்ணும் நல்லதொரு கணித ஆசிரியரும்தாம்.

அறிவியலில் இன்னொரு நுட்பம் உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 எனப் பிரித்திருக்கிறார்கள். எழுத்தில் குறைந்தது 20-உம் செய்முறையில் குறைந்தது 15-உம் தனித்தனியே பெற வேண்டும். எழுத்தில் 18, செய்முறையில் 25 பெற்றவனுக்குக் கூட்டுத்தொகை 43 ஆயினும் தேர்ச்சி கிடையாது. பெற்றோர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புவது இங்கேதான்.

மேல்நிலையிலும் இதே கதைதான். பன்னிரண்டாம் வகுப்பின் மொத்தம் 600. ஆனால் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50-க்கு 50-ஆகவும் சுருக்கி, 200-க்கே கணக்கிடுகிறார்கள். 80, 70, 60 பெற்றவருக்கு 80-உம் 35-உம் 30-உம் சேர்ந்து 145 ஆகும். ஊரார் கேட்கும் மொத்தம் வேறு. கல்லூரி கேட்கும் எண் வேறு.

எழுத்தும் எண்ணும்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏ1, ஏ2 என எழுத்துத் தரமும் தருகிறார்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் தரமன்று அது. ஒரு பாடத்தில் தேறியவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1 வழங்குகிறார்கள். இலங்கையின் சாதாரண தரத் தேர்விலோ 75-க்கு மேல் ஏ, 65-க்கு மேல் பி, 50-க்கு மேல் சி, 35-க்கு மேல் எஸ். இரண்டும் "ஏ"தான், அளவுகோல் வெவ்வேறு. ஆகவே நம் பிள்ளையைக் கொழும்பு உறவினரின் பிள்ளையோடோ பட்டணத்து உறவினரின் பிள்ளையோடோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது, மரக்காலையும் படியையும் ஒன்றெனக் கொள்வதாகும்.

ஒரே எண் இருவருக்கு ஒரே பொருளைத் தருவதுமில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடி மாணவியின் 300-உம், வீட்டிலேயே தனிப்பயிற்சி பெறும் மாணவியின் 300-உம் ஒரே தொகை, ஒரே உழைப்பல்ல. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டதும் இத்தகைய ஒப்பீட்டால் விளையும் மன அழுத்தத்தைக் கருதியே. பெருந்தொற்றின்போது 2021-இல் பத்தாம் வகுப்பினர் மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழுடன் மேல்வகுப்பேறினர். அவர்களின் கல்வி அத்துடன் நின்றுவிடவில்லை.

அரபு நாட்டுக் கல்விக்கூடங்களிலும் அவற்றைப் பின்பற்றும் மதரஸாக்களிலும் வழங்கும் தரங்கள் மும்தாஸ், ஜய்யித் ஜித்தன், ஜய்யித், மக்பூல் என்பன: தலைசிறந்தது, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது. தேறியவர்களுள் கடைசியில் நிற்பவருக்கு வழங்கப்படும் பெயரைப் பாருங்கள். "நீ குறைந்தவன்" என்று அது சொல்லவில்லை. "நீ ஏற்கப்பட்டாய்" என்கிறது. தேர்வைக் குறிக்கும் இம்திஹான் என்னும் சொல்லின் வேருக்கு, வெள்ளியைத் தீயிலிட்டுத் தூய்மை செய்தல் என்ற பொருளும் உண்டு. தீயிலிடுவது வெள்ளியை எறிந்துவிடுவதற்காகவா?

தவறினால் செய்ய வேண்டியவை

கூட்டலில் பிழை இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் குறித்த நாட்களுக்குள் பள்ளி வழியே மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். தவறியவர்களுக்கு அதே கோடையில் துணைத் தேர்வு நடைபெறுகிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். உடனே தேறிவிட்டால் ஓராண்டும் வீணாகாது. மதிப்பெண் குறைந்து தேறியவர்களுக்கும் தொழிற்பயிற்சி நிலையம், பலதொழில்நுட்பப் பயிலகம் என வழிகள் திறந்தே இருக்கின்றன.

இதையெல்லாம் விட்டுவிட்டு, தவறிய பையனை மறுநாளே கடைக்கு அனுப்புவதும், சட்டப்படி மணவயது 18 என்றிருக்கப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வரன் தேடத் தொடங்குவதும் நம் வீடுகளில் நேரும் பெருந்தவறுகள். நான்கு மதிப்பெண் குறைவுக்கு ஒரு வாழ்நாளையே அபராதமாக விதிக்கிறோம். அதைவிடக் கொடியது சுடுசொல். முடிவு வந்த இரவில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; உறவினர் முன் எண்ணைச் சொல்லச் சொல்லி நிறுத்தாதீர்கள். மனம் தளர்ந்த பிள்ளைகளுக்கு ஆறுதலும் ஆலோசனையும் கூற 104 என்னும் அரசுத் தொலைபேசி எண் இருக்கிறது.

இறுதியாக ஒன்று. சான்றிதழில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முஹம்மது என்பது ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், கடவுச்சீட்டு எடுக்கும் நாளில் அலைச்சல் மிகுதி. பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே திருத்திவிடுவது எளிது. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வழங்கப்படும் 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழும் கையில் இருத்தல் வேண்டும்.

மதிப்பெண் என்பது மூன்று மணி நேரத்தின் சாட்சி. பிள்ளையோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சாட்சியைக் கேட்போம், ஆனால் அந்த ஒரு சாட்சியை வைத்து அமானிதத்தைக் கைவிடலாகாது. நம் மக்களின் கல்வியைப் பயனுள்ளதாக்கி, நம் நாவுகளை மென்மையாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!