வேலூரில் அகப்படாத மரபணுப் பிழை

ஐரோப்பியர்களின் குடல் நோய்க்குத் துப்புக் கொடுத்த மரபணு, இந்திய நோயாளிகளிடம் மௌனம் சாதிக்கிறது. காசநோயா, கிரோன் நோயா என்ற பழைய குழப்பம் டாக்டர்களை இன்னும் விடவில்லை.

முதலில் வயிற்றுவலி. பிறகு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. மாலையானால் லேசான காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. இந்தியாவில் இந்த அறிகுறிகளோடு ஒருவர் வந்தால் டாக்டர் முதலில் சந்தேகிப்பது குடல் காசநோயைத்தான். ஆனால் இதே வேஷத்தில் வரும் இன்னொரு நோயும் உண்டு: கிரோன் நோய். கொலனோஸ்கோப்பியில் பார்த்தால் இரண்டிலும் புண்கள். பயாப்ஸியில் இரண்டிலும் கிரானுலோமா எனப்படும் நுண்ணிய திசுத் திரட்சிகள் தென்படலாம். அனுபவசாலிகளே திணறுகிறார்கள்.

தவறிவிட்டால் விளைவு விபரீதம். காசநோயைக் கிரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். கிரோனைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகலாம்.

ஒரு மரபணுச் சோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்க்காதா? 2001 மே மாதத்தில் அப்படி நம்ப இடமிருந்தது. 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் ஒரே முடிவை அறிவித்தன. ஒன்று, பாரிஸில் ழான் பியர் ஹ்யூகோவின் குழு. மற்றொன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் நூனியெஸும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜூடி சோவும் இருந்த அமெரிக்கக் குழு. கிரோன் நோயோடு தொடர்புள்ள மரபணு 16வது குரோமோசோமில் சிக்கியது. அதன் பெயர் நாட்2.

நாட்2 உருவாக்கும் புரதம் ஒரு காவல்காரன். செல்லுக்குள் இருந்துகொண்டு, பாக்டீரியாவின் மேற்சுவரிலிருந்து உதிரும் ஒரு துணுக்கை மோப்பம் பிடித்து எச்சரிக்கை மணி அடிப்பது அதன் வேலை. ஐரோப்பிய நோயாளிகளிடம் இந்த மரபணுவில் முக்கியமாக மூன்று பிழைகள் காணப்பட்டன. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்தால் கிரோன் நோய்க்கான ஆபத்து 2 முதல் 4 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் 15 முதல் 40 மடங்கு.

காவல் பலவீனமானால் அழற்சி குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? முதல் காவல்காரன் தூங்கும்போது பாக்டீரியாக்கள் குடல் சுவரை நெருங்கி ஊடுருவுகின்றன, அவற்றை விரட்ட உடலின் மற்ற படைகள் அளவுக்கு மீறிப் பாய்ந்து குடலையே புண்ணாக்குகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனாலும் பிழையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

இந்தியாவில் கதையே வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் கிரோன் நோயாளிகளிடம் இந்த மூன்று பிழைகளையும் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை என்று 2008ல் அறிவித்தார்கள். ஜப்பானிலும் ஏற்கனவே இதே அனுபவம்தான். அதாவது, ஐரோப்பியர்களுக்காக உருவான சோதனையில் 'பிழை இல்லை' என்று முடிவு வந்தால், இந்திய நோயாளி அதை வைத்து நிம்மதியடைய முடியாது.

நோய் இங்கே அபூர்வமும் அல்ல. கிரோனின் உடன்பிறப்பான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பஞ்சாபில் லட்சத்துக்கு 44.3 பேருக்கு இருப்பதாக லூதியானா டாக்டர்களின் கணக்கெடுப்பு 2003ல் வெளியானது. அங்குள்ள தயானந்த் மருத்துவக் கல்லூரியும் டெல்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, வட இந்திய நோயாளிகளிடம் இந்த நோயோடு தொடர்புள்ள மூன்று புதிய மரபணுப் பகுதிகளை 2015ல் காட்டியது. நம் ஊர் நோய்க்கான துப்பை நம் ஊரில்தான் தேட வேண்டும்.

அதற்காக மேலைநாட்டு ஆராய்ச்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. 2006ல் இன்டர்லூக்கின் 23 என்ற சமிக்ஞைப் பொருளை ஏற்கும் புரதத்தில் ஒரு மாறுபாடு கண்டுபிடிக்கப்பட்டது. இது நோயைத் தருவதல்ல, தடுப்பது! அந்தச் சமிக்ஞையை அடக்கினால் குடல் ஆறலாம் என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது. அதே வழியில் செயல்படும் உஸ்டெகினுமாப் மருந்து, கிரோன் நோய்க்காக 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாறுபாடு இல்லாதவர்களுக்கும் மருந்து பலன் தரும்.

ஆனால் மருந்து எதுவானாலும் நோய் எது என்று தெரிந்தாக வேண்டும். இன்றும் டாக்டர்கள் நம்பியிருப்பது காசநோய்க் கிருமிக்கான சோதனைகள், ஸ்கேன், பயாப்ஸி, பொறுமை. சந்தேகம் தீராதபோது காசநோய் மருந்தையே கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்தால் சில மாதங்களில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியதா என்று பார்ப்பது அவசியம். காய்ச்சல் தணிந்தது, எடை கூடியது என்பது மட்டும் போதாது. ஆறாத புண், இது காசநோய் அல்ல என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். எந்த மரபணுவும் இதுவரை தராத பதிலை அந்த இரண்டாவது சோதனை தந்துவிடக்கூடும்.