ஆளைக் கொன்ற போலீஸ் எந்திரம்!

எந்திரம் என்றதும் கைகால் முளைத்த இரும்பு மனிதனை எண்ணிவிடாதீர்கள். இது நீண்ட கை பொருத்திய ஒரு சிறு வண்டி. வெடிகுண்டை அப்புறப்படுத்த உதவுவது. இயக்குகிறவர் தூரத்தில் இருப்பார்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரம். 2016 ஜூலை 7 இரவு. ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 5 போலீசாரைக் கொன்றான். கல்லூரிக் கட்டிடம் ஒன்றில் பதுங்கிக் கொண்டான். போலீசார் மணிக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். அவன் சரண் அடையவில்லை. வண்டியின் கையில் வெடிமருந்தை வைத்து அனுப்பினார்கள். வெடித்தது, அவன் செத்தான். அமெரிக்கப் போலீசார் எந்திரத்தை விட்டு ஆளைக் கொன்றது அதுவே முதல் தடவை.

வேறு வழியில் போனால் போலீசாருக்கு ஆபத்து என்றார், தலைமை அதிகாரி. நியாயம்தான்!

2022 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரசபை, ஆபத்து வேளையில் தங்கள் போலீசாரும் இப்படிச் செய்யலாம் என்று தீர்மானித்தது. ஆதரவு 8 ஓட்டு, எதிர்ப்பு 3. ஜனங்கள் கொதித்தார்கள். மறு வாரமே சபை பின்வாங்கியது.

டல்லாசில் முடிவு செய்தது மனிதன். அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் "செயற்கை அறிவு" ஏற்றால்? அதுவும் ஆள் மாறிப் போகிறதே! 2020-ல் டெட்ராய்ட் நகருக்கு அருகே, முகத்தை ஒப்பிடும் கம்ப்யூட்டர் தவறாகக் காட்டிய ஒருவரை, மனைவி மக்கள் கண் எதிரே போலீசார் கைது செய்தார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். பிறகு வீடு திரும்பினார்.