தண்டுவடக் காயம்: கரண்ட் வைத்தால் கை வருமா?

கழுத்தில் அடிபட்டுக் கைகால் விழுந்தவர்கள் உள்ள வீடுகளிலிருந்து இப்போது எங்களிடம் வரும் கேள்வி இது. ஓரளவு உண்மைதான். 2024 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அடிபட்டு ஓராண்டுக்கு மேலான 60 பேருக்கு முதல் இரண்டு மாதம் கைப்பயிற்சி மட்டும். அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியோடு, பிடரித் தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே மின்தூண்டல். அறுவை சிகிச்சை இல்லை. 72 விழுக்காட்டினருக்குக் கையின் பலமும் பயன்பாடும் கூடின. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசு இக்கருவியை அனுமதித்தது.

ஆனால் அவர்கள் யாருக்கும் தண்டுவடம் முழுதாகச் செயலிழந்திருக்கவில்லை. மிச்சமிருக்கும் நரம்புகளை மின்சாரம் உசுப்புகிறது. அவற்றை வேலைக்குப் பழக்குவது பயிற்சிதான். கருவி வரட்டும் என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை விற்கவும் வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி தண்டுவடக் காயத்துக்கு அது ஆராய்ச்சி நிலையில் உள்ளதே தவிர, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. ஊசிக்குப் பல லட்சம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். படுத்திருப்பவரை இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இவற்றை வீட்டாருக்கே கற்றுத்தருகிறார்கள். விபத்தில் தண்டுவடம் அடிபட்டபின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கியது அது.

பயணச் செலவுக்கு உதவி தேவைப்படுவோர் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள். மருத்துவச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள்.