படபடப்புக்கு ஒரு பெயர் உண்டு

ஊர்த் திருவிழாவில் ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. "நீ மட்டும் கீழேயே இரும்மா, உனக்கு நெஞ்சு படபடக்கும்" என்று என் தங்கையிடம் எல்லாருடைய செருப்பையும் பையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு அப்போது 31 வயது. கல்யாண வீட்டில் மேளத்துக்கு அருகில் நிற்கக்கூடாது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கக்கூடாது, மாடி ஏறக்கூடாது. எல்லாம் அன்பினால் போட்ட தடைகள்தாம். எந்த மருத்துவரும் போட்டவை அல்ல.

படபடப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவளுக்கு இருந்தது எஸ்.வி.டி. இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரு குறுக்குப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும். நாடி திடீரென 150, 200 என்று பறக்கும். வந்தது போலவே சட்டென்று நிற்கும். இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தில்லை. அந்தக் குறுக்குப் பாதையை முடக்கும் அப்லேஷன் சிகிச்சையால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

மருத்துவர் அவளுக்கு ஒரு வழி கற்றுத்தந்தார். 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, பக்கத்தில் இருப்பவர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை நான்தான் பிடித்தேன். என் விரலடியில் எண்ண முடியாமல் ஓடிய நாடி ஒரு கணம் நின்று, பிறகு நிதானமாகத் தட்டத் தொடங்கியது. இது எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் மருத்துவர் சொல்லிக்கொடுத்தால் மட்டும் செய்யுங்கள்.

ஏனென்றால், லாங் க்யூ.டி. என்ற பரம்பரைக் கோளாறின் கதையே வேறு. அதில் நீச்சலும், அலாரம் போன்ற திடீர்ச் சத்தமும், கோபமும் பயமும்கூட உயிரைப் பறிக்கும் துடிப்பைக் கிளப்பிவிடலாம். அசித்ரோமைசின், டாம்பெரிடோன் போன்ற சாதாரண மாத்திரைகளும் ஆபத்தாகலாம். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்த பிள்ளையைக் கட்டாயம், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தால் இன்னும் கட்டாயம், இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இன்னொரு துடிப்புக் கோளாறில் பயம் பக்கவாதத்தைப் பற்றியது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை விரதம், விருந்து என்று நிறுத்தவே கூடாது. மது இந்தக் கோளாறைத் தூண்டும்.

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே காப்பாற்றினார்கள். உடலில் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டது. விரிவான பரிசோதனைகளுக்குப் பின் திரும்பிவந்து 2024 யூரோ போட்டியில் கோல் அடித்தார். எல்லாராலும் அப்படி ஆட முடியாது. ஆனால் எது முடியும் என்பதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை, பயம் அல்ல.

எனவே முதல் உரிமை, உங்கள் துடிப்புக் கோளாறின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குவது. படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி. தாள் தங்கத்துக்குச் சமம். அதன் நகலை வீட்டில் வையுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவர்களுக்கான விதி. காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்கச் சொல்லும் முகவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையில் அலுவலகம் உண்டு.

அடுத்த ஆண்டு மருத்துவர் அனுமதியோடு தங்கை ராட்டினம் ஏறினாள். இந்த முறை செருப்பைப் பார்த்துக்கொண்டது நான்.

படபடப்போடு மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் சிரிஞ்சைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.