பழைய வண்டியும் புதிய தோழமையும்

மோட்டார் சைக்கிள் என்றதும், "அது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கிலாந்தின் பழைய மோட்டார் சைக்கிள்களையும், அவற்றைத் தம் கையாலேயே மாற்றியமைத்து ஓட்டுவோரையும் பற்றி அறிந்தால் நமக்கும் அதில் பாடம் உண்டு.

1950-களில் நார்ட்டன், டிரையம்ப், பி.எஸ்.ஏ., ராயல் என்ஃபீல்ட் ஆகியவை அந்நாட்டில் பிரசித்தி பெற்ற வண்டிகள். நார்ட்டனின் சிறப்பு அதன் இரும்புச் சட்டம். பெல்பாஸ்ட் நகரத்து மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வகுத்த அச்சட்டம் 1950-இல் பந்தயத்துக்கு வந்தது. வளைவுகளிலும் வண்டி ஆட்டங்காணாது. இறகு மெத்தை போன்றது என்னும் பொருளில் அதற்கு 'ஃபெதர்பெட்' என்றே பெயர் வந்தது. டிரையம்பின் சிறப்போ அதன் இன்ஜின். இரண்டு சிலிண்டர்கள் அருகருகே நிற்கும். வேகத்தைக் கூட்டுவதும் எளிது.

அக்காலத்தில் சிறிய பந்தயக் கார் கட்டுவோர், இன்ஜினுக்காக நார்ட்டன் வண்டியை முழுதாக வாங்கி, சட்டத்தை ஒதுக்கிவிடுவதுண்டு. ஒதுக்கிய அச்சட்டத்தில் ஆர்வலர்கள் டிரையம்ப் இன்ஜினைப் பொருத்தினர். இரு பெயரும் கூடி 'டிரைட்டன்' ஆயிற்று.

இது எளிய வேலையன்று. ஒன்றின் துளைகள் மற்றொன்றுக்குப் பொருந்தா. ஆகவே கனத்த உலோகத் தகடுகளை அளவாக வெட்டித் துளையிட்டு இடையே வைக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பற்சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காவிடில் சங்கிலி விரைவில் தேய்ந்துவிடும். காற்றின் தடையைக் குறைக்கக் கைப்பிடியைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுவர். பழைய மரைகள் விட்வொர்த் அளவிலானவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் அவற்றுக்குப் பொருந்தா. ஆகவே ஒருவர் ஸ்பேனர் தருவார், ஒருவர் கடைசல் வேலை செய்வார், ஒருவர் மின்கம்பி இணைப்பார். தோழமையின்றி அவ்வண்டி ஓடாது.

இவ்விளைஞர்கள் கூடிய இடங்களுள் ஒன்று லண்டனில் உள்ள 'ஏஸ் கஃபே'. மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதே பலரின் ஆசை. அந்த வேகத்தில் உயிரிழந்தோரும் உண்டு. ஊரார் அவர்களைக் கண்டு அஞ்சி ஒதுங்கினர். ஆங்கிலிக்கன் சபைக் குருவான பில் ஷெர்கோல்ட் ஒதுங்கவில்லை. அவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரே. 1962-இல் அவர்களைத் தேடிச் சென்று, ஹாக்னி விக்கில் உள்ள தம் ஆலயத்துக்கு வழிபாட்டுக்கு அழைத்தார். அவர்களும் வந்தனர்! '59 கிளப்' என்னும் இளைஞர் மன்றத்தில் அவர்களுக்கென ஒரு பிரிவு தோன்றியது. அம்மன்றம் இன்றும் இருக்கிறது. 1969-இல் மூடிய ஏஸ் கஃபேயும் 2001-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. அங்கு வருவோர் இப்போது தலைக்கவசம் அணிந்தே வருகின்றனர். 1973 முதல் அது சட்டம்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் வேலை" என்பாரும் உளர். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி 14 வயதிலேயே ஒரு ராயல் என்ஃபீல்ட் வாங்கியவர். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்றார். 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், தாமே செம்மைப்படுத்திய நார்ட்டனை 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் போர்விமானங்களின் இன்ஜின் நடுவானில் தடுமாறிய குறையை ஒரு சிறு உலோகத் துண்டால் தணித்தவரும் அவரே. அந்த ராயல் என்ஃபீல்ட் பெயர் 1955-இல் நம் சென்னைக்கும் வந்து, திருவொற்றியூரில் வேரூன்றியது.

ஒதுக்கிய சட்டம் நல்ல வண்டியாயிற்று. ஒதுக்கப்பட்ட இளைஞர் ஆலயத்தில் அமர்ந்தனர். பெண்ணுக்கு ஆகாது என்ற வேலையில் ஒரு பெண் சாதித்தார். நம் வகுப்பிலும் வீதியிலும் நாம் யாரையேனும் பயனற்றவர் என்று ஒதுக்கியிருந்தால், இன்றே அவரிடம் சென்று பேசுவோமாக.