மனநோயால் வீடிழந்தோர்க்கு ஊருக்குள் ஒரு வீடு: அயலவர் அச்சமும் சமூகக் கடமையும்

மனநோய் பெரும்பாலும் சிகிச்சையால் கட்டுப்படக்கூடியது. ஆயினும் நோய் தணிந்து வைத்தியசாலையை விட்டு வெளியேறுபவருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லையெனில், மருந்து இடையில் நின்று, அவர் மீண்டும் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் பள்ளிவாசல் வாயிலிலும் காலங்கழிக்க நேர்கிறது. இத்தகையோரை ஊருக்குள்ளேயே சாதாரண வீடுகளில், பயிற்சி பெற்ற உதவியாளரின் துணையுடன் வாழவைக்கும் ஏற்பாடு ‘ஆதரவுக் குடியிருப்பு’ எனப்படுகிறது. இது முன்மொழியப்படும் இடங்களில் அயலவரிடமிருந்து எதிர்ப்பு எழுவது பல நாடுகளின் அனுபவம். அந்த எதிர்ப்பை விளங்கிக்கொள்வதும் அதற்கு விடை காண்பதும் அட்டாளைச்சேனை போன்ற இலங்கையின் கிழக்குக் கரை ஊர்களுக்கும் உரிய பணியாகும்.

சீதன வீடும் வீடற்றவரும்

அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பது போல, இக்கரை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கி மருமகனை அவ்வீட்டில் குடியமர்த்தும் வழக்கமும் நிலவுகின்றன. பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பளிக்கும் இம்முறையில் வீடு என்பது திருமணத்தோடு பிணைந்திருப்பதால், நோயினால் மணவாழ்வு முறிந்த ஆண் மனைவியின் வீட்டை விட்டு வெளியேறும்போது, அவன் பிறந்த வீடு ஏற்கெனவே சகோதரியின் உடைமையாகியிருக்கக்கூடும். நோயினால் திருமணமே கைகூடாத பெண்ணுக்கோ, பெற்றோரின் மறைவுக்குப் பின் உடன்பிறந்தோரின் பரிவைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாமற் போகலாம்.

ஏர்வாடியும் சென்னையும் தரும் பாடங்கள்

குடும்பமும் அரசும் கைவிட்ட இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழகத்தின் ஏர்வாடி காட்டியது. தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப வழியின்றிச் சிக்கினர். 28 பேர் மாண்டனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்ததுடன், குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது எனவும் விதித்தது.

மாற்றுவழியைச் சென்னையில் ‘தி பான்யன்’ நிறுவனம் காட்டியது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரால் 1993இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், தெருவில் மீட்கப்பட்ட பெண்களை முகப்பேரிலுள்ள ‘அடைக்கலம்’ இல்லத்தில் பராமரித்தது. பலர் குணமடைந்தும் போக்கிடமின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருந்ததால், 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை ஏற்படுத்தியது. இதன்படி நால்வர் அல்லது ஐவர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்து, சமையலையும் கடைக்குச் செல்வதையும் தாமே கவனித்து, தேவைக்கேற்ப உதவியாளரின் துணையோடு வாழ்கின்றனர்.

அயலவரின் கேள்விகள்

பிள்ளைகளின் பாதுகாப்பு, பெண்களின் நடமாட்டம், காணியின் விலை ஆகியவை பற்றியே அயலவர் பெரும்பாலும் கேட்கின்றனர். இக்கேள்விகள் இகழத்தக்கவையல்ல, சான்றுடன் விடையளிக்கப்பட வேண்டியவை. மனநோயுள்ளோரில் பெரும்பான்மையினர் வன்முறையாளர் அல்லர் என்பதும், தெருவில் வாழ்வோர் வன்முறைக்கு எளிதில் இலக்காகின்றனர் என்பதும் மருத்துவ ஆய்வுகளில் நிறுவப்பட்டவை. நியூயோர்க்கில் 123 ஆதரவுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, அயற்காணிகளின் விலை அவற்றால் வீழ்ச்சியடையவில்லை எனக் கண்டது. கனடாவின் ஐந்து நகரங்களில் 2009 முதல் 2013 வரை நடந்த பெரும் ஆய்வில், முதலில் வீடும் அதனுடன் ஆதரவும் பெற்றோர் தமது காலத்தில் 73 வீதத்தை நிலையான இருப்பிடத்தில் கழிக்க, வழமையான சேவையை மட்டும் பெற்றோர் 32 வீதத்தையே அவ்வாறு கழித்தனர்.

இக்கரையில் செய்யக்கூடியது

2004 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றதை அடுத்து, 2005இல் வகுக்கப்பட்ட இலங்கையின் மனநலக் கொள்கை, அங்கொடை மனநல வைத்தியசாலையை மையமாகக் கொண்டிருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க முற்பட்டது. மாற்றுத்திறனாளிகள் சமூகத்தில் பிறரோடு சமமாக வாழும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆயினும் சிகிச்சை ஊரை நெருங்கி வந்த அளவுக்கு வீடு நெருங்கி வரவில்லை.

வீட்டைக் கட்டிவிட்டால் மட்டும் அதில் குடிபுக முடியாது என்பதை இப்பகுதி மக்கள் அறிவர். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு வழங்குவது என்ற பிணக்கினால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. எனவே பிரதேச செயலகமும் பள்ளிவாசல் நிருவாகமும் மனநல வைத்திய அதிகாரியும் அயலவரை முதலிலேயே அழைத்துப் பேசி, ஒரு வீட்டில் ஐவருக்கு மேற்படாமை, உதவியாளரின் ஒழுங்கான வருகை, நெருக்கடி வேளையில் உடனே அழைக்கக்கூடிய பொறுப்பாளர் ஆகிய ஏற்பாடுகளை உறுதிசெய்தல் வேண்டும். வாடகைக்கு ஸகாத் நிதியும் இடத்துக்கு வக்பு சொத்தும் பயன்படுமா என்பதை உலமாக்கள் ஆராய்ந்து வழிகாட்டலாம். திருமணத்தின் வழியே வீடு கிடைக்கும் ஒரு சமூகத்தில், அதற்கு வெளியே நிற்க நேர்ந்த நோயாளருக்கு வீடு தேடித்தருவது ஊர் முழுவதன் பொறுப்பாகும். ஒரு தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பெற்று அப்பொறுப்பை ஏற்கத் தொடங்க முடியும்.