சிறுநீரகம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

வட்டவடையில் கேரட் விளைகிறது. பறித்த கேரட் மலைக்குளிரில் சீக்கிரம் வாடாது. கீழே இறங்கினால் வெயிலில் வாடிவிடும். தானமாகக் கிடைக்கும் சிறுநீரகத்தையும் குளிர்தான் காக்கிறது.

விபத்தில் ஒருவருக்கு மூளைச்சாவு ஏற்படலாம். அவர் பிழைக்க மாட்டார். கருவியால்தான் மூச்சு ஓடும். 4 டாக்டர்கள் சோதிப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிப்பார்கள். இதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. குடும்பத்தார் சம்மதித்தால்தான் சிறுநீரகத்தை எடுப்பார்கள்.

முதலில் அது நல்லதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் சரியாக வருகிறதா? இரத்தத்தில் கழிவு கூடியிருக்கிறதா? சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு இருந்ததா? மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமிகள் உண்டா? பெறுபவரின் இரத்தத்தோடு பொருந்துமா? எல்லாம் சோதிப்பார்கள்.

எடுத்ததும் இரத்தக் குழாய் வழியாகக் குளிர்ந்த மருந்து நீரைச் செலுத்துவார்கள். உள்ளே உள்ள இரத்தம் வெளியேறும். பிறகு கிருமியில்லாத பைகளில் போட்டு ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. பட்டால் உறைந்து கெட்டுவிடும். சுமார் 4 டிகிரி குளிர் போதும்.

குளிரில் சிறுநீரகத்துக்குப் பிராணவாயு குறைவாகவே தேவைப்படும். அதனால் சுமார் 24 மணி நேரம் தாங்கும். இதயமோ 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். நேரம் கூடக் கூடச் சிறுநீரகத்தின் வலிமை குறையும்.

கேரளத்தில் 2012-இல் மிருதசஞ்சீவனி திட்டம் தொடங்கியது. பதிவு செய்து காத்திருப்பவர்களுக்கு இதன் வழியாக உறுப்பு கிடைக்கிறது.

ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு நிற்கும்போது முடிவெடுப்பது கடினம். உங்கள் விருப்பம் எதுவானாலும், வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.